வெறும் சொட்டு மருந்துதானே என்று சொல்லாதீர்கள்



போன ஞாயிறு பேரனின் பிறந்தநாள் படத்தைப் போட்டேன். அதன் கீழே வாழ்த்தைவிட விசாரிப்புதான் அதிகம். “டீச்சர், கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு? மெட்ராஸ் ஐயா?” என்று பதினோரு பேர். “அத்தை, ராத்திரி தூங்கலியா?” என்று இரண்டு பேர். ஒருத்தி மட்டும் “டீச்சர் அழுதிருக்காங்க” என்று முடிவே கட்டிவிட்டாள். அவளைப் பத்தாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தெரியும். கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதுகிறவள்.

மெட்ராஸ் ஐ இல்லை. அழவும் இல்லை. எனக்கு ஆறு வருஷமாகக் கிளாக்கோமா இருக்கிறது. தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விடுகிறேன். அந்தச் சிவப்பு மருந்து செய்கிற வேலை. என் டாக்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இந்தச் சிவப்பையும் இந்தச் சொட்டையும் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நம் ஊர்ப்பக்கம் கண் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் பெயர். நம் ஊரில் பாதிப்பேர் இதைக் “குளுக்கோமா” என்கிறார்கள். குளுக்கோஸ் ஞாபகம் வந்து சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை வியாதி கண்ணைக் கெடுக்கும் என்பது வேறு கதை. கிளாக்கோமா என்பது, பார்த்ததை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பு மெதுவாகச் செத்துக்கொண்டே போவது. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப்பார்வை முதலில் போகும், நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். அதனால் பேப்பர் படிக்கிறவரைக்கும் “எனக்கென்ன, கண்ணு நல்லாத்தானே தெரியுது” என்பார்கள். போன நரம்பு திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாற்றுவது மட்டும்தான் வைத்தியம்.

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ஆட்டுக் கண்ணை அறுத்துக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆம்பூரில் ஆட்டுக் கண்ணுக்கா பஞ்சம். கறிக்கடை பாய் தினமும் நாலு எடுத்து வைத்துக் கொடுப்பார். கருவிழியைக் கத்தியால் தொட்டதும் தண்ணீர் மாதிரி ஒன்று பீறிட்டு வந்ததே, அதுதான் இந்தக் கதையின் நாயகன். அது கண்ணீர் இல்லை. கண்ணுக்குள்ளேயே ஊறி, கண்ணுக்குள்ளேயே வடிகிற திரவம். தோல் ஷாப்பில் தொட்டி பார்த்த பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஒரு பக்கம் குழாய் திறந்தே இருக்கிறது, இன்னொரு பக்கம் வடிகால். வரத்தும் போக்கும் சமமாக இருந்தால் மட்டம் நிற்கும். வடிகால் அடைத்தால் தொட்டி வழியும். கண்ணுக்கு வழிய இடம் கிடையாது, அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்பார்கள். அதற்குமேல் போனால் நரம்பு நசுங்கலாம். சிலருக்கு 21-க்குள் இருக்கும்போதே நரம்பு கெடும். அது ஏன் என்ற கேள்வியில்தான் ரத்தக்குழாய் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இது எங்கோ இருக்கிற வியாதி இல்லை. வேலூர் ஊரிலேயே, சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை டாக்டர்கள் 30 முதல் 60 வயதுவரை உள்ள 972 பேரைப் பரிசோதித்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். வடிகாலின் வாய் திறந்திருந்தும் வருகிற கிளாக்கோமா ஆயிரத்துக்கு 4 பேர். வடிகாலின் வாயே குறுகி மூடிக்கொள்கிற வகை ஆயிரத்துக்கு 43 பேர். பிற்பாடு மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் செய்த ஆய்வுகளில், வரையறையைக் கடுமையாக்கியதால், இந்த மூடுகிற வகை குறைவாகவே வந்தது. ஆனாலும் ஒரு விஷயம் மாறவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. மூடுகிற வகை பெண்களுக்கு அதிகம் வரும் என்பதையும் என் பழைய மாணவிகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன்.

கண்ணின் வெள்ளைப்பகுதி மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. சாதாரணமாகச் சுருங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அவை விரிந்தால் கண் சிவக்கும். விரிவதற்குக் காரணம் கிருமியாக இருக்கலாம், தூசியாக இருக்கலாம், தூக்கமில்லாமையாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். கிளாக்கோமாவுக்கு இன்று டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் லட்டானோபிராஸ்ட், பிமட்டோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட் என்று முடிகிற குடும்பத்து மருந்துகள். 1996-ல் அமெரிக்காவில் லட்டானோபிராஸ்ட் அனுமதி பெற்றது. இவை வடிகாலுக்குப் பக்கத்தில் இன்னொரு கசிவுப் பாதையைத் தளர்த்திவிட்டுத் திரவத்தை வெளியேற்றுகின்றன. ஆனால் இவை உடம்பு தானே தயாரிக்கிற புரோஸ்டாகிளாண்டின் என்ற சமாசாரத்தின் ஜாடை. அது போகிற இடத்தில் ரத்தக்குழாயை விரியச் சொல்லும். அதனால்தான் கண் சிவக்கிறது. பிமட்டோபிராஸ்டிலும் டிராவோபிராஸ்டிலும் சிவப்பு கொஞ்சம் அதிகம், லட்டானோபிராஸ்டில் குறைவு. முதல் சில வாரம் நன்றாகத் தெரியும், பலருக்குப் பிறகு அடங்கிவிடும். ராத்திரியில் விடச் சொல்வதில் ஒரு சௌகரியமும் உண்டு, சிவப்பின் உச்சம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். எனக்கு முழுசாக அடங்கவில்லை. போகட்டும், அழுத்தம் 26-லிருந்து 16-க்கு வந்திருக்கிறதே.

இந்தச் சிவப்பு ஆபத்தில்லாதது. ஆனால் இதைச் சகித்துக்கொள்ள முடியாமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, இதை வெளுக்க வைக்க இன்னொரு சொட்டு வாங்குவது.

என் பழைய மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம், ஊர்கூட வேண்டாம். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் பதினாறு வருஷமாக வேலை. அம்மாவுக்குக் கிளாக்கோமா இருந்ததால் இவளும் பரிசோதனைக்குப் போனாள். நல்ல பிள்ளை. அழுத்தம் அதிகம் என்று மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் கண் சிவந்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, “மெட்ராஸ் ஐ, லைன் பூரா பரவிடும், வீட்டுக்குப் போம்மா” என்றார். மூன்று நாள் சம்பளம் போயிற்று. திரும்பி வந்தாள், திரும்பவும் சிவப்பு, திரும்பவும் வீடு. அவள் என்ன செய்வாள்? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் கேட்டாள். சீட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டே நாளில் கண் பால் மாதிரி வெளுத்துவிட்டது. சந்தோஷத்தில் பழைய மருந்தை நிறுத்திவிட்டு இதையே விட்டுக்கொண்டிருந்தாள், நாலு மாதம்.

அது ஸ்டீராய்டு சொட்டு. ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கும், எரிச்சலை அடக்கும், கண்ணை அழகாக வெளுக்க வைக்கும். அதே சமயம் வடிகாலை அடைக்கும். சாதாரண ஆட்களிலேயே மூன்றில் ஒருவருக்கு, வாரக்கணக்கில் விட்டால், அழுத்தம் ஓரளவு ஏறும். கிளாக்கோமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏறும். அவளுக்கு ஏறி 34-ல் நின்றது. இடது கண்ணின் மூக்குப் பக்கப் பார்வையில் ஒரு துண்டு போய்விட்டது. இப்போது ஊசியில் நூல் கோக்கிறாள், வேலைக்கும் போகிறாள். சாலையைக் கடக்கும்போது மட்டும் கழுத்தை ஒருமுறை அதிகமாகத் திருப்புகிறாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

யாரைக் குற்றம் சொல்வது? சூப்பர்வைசருக்குச் சிவப்பென்றால் தொற்று. நம் பேச்சிலேயே சிவந்த கண்ணுக்கு ஒரே பெயர்தான் இருக்கிறது. அவளுக்கு மூன்று நாள் சம்பளம் பெரிசு. ஆனால் மருந்துக்கடையை நான் விடமாட்டேன். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டைக் கொடுப்பது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு. மருந்துக்கடை வைத்திருக்கிற என் மாணவர்கள் மூன்று பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். தம்பிகளா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். வியாபாரம் இருக்கட்டும். சிவந்த கண்ணோடு வருகிறவரிடம் “கண்ணுக்கு ஏற்கெனவே ஏதாவது மருந்து விடுறீங்களா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

ஸ்டீராய்டு இல்லாத, “கண் குளிர்ச்சி” என்று விற்கிற சொட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் நாஃபசோலின் மாதிரி ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்து இருக்கும். விட்டதும் வெளுக்கும். மருந்தின் பிடி தளர்ந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரியும். மறுபடி விடுவீர்கள், மறுபடி சிவக்கும். கடன் வாங்கி வட்டி கட்டுகிற மாதிரிதான். வடிகாலின் வாய் குறுகியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகை மருந்துகள் கண்ணின் பாப்பாவை விரித்து, குறுகிய வாயை ஒரேயடியாக மூடிவிடக்கூடும். வேலூர் ஆய்வில் ஆயிரத்துக்கு 43 என்றேனே, அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று கண்வலி, மண்டை பிளக்கிற தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று சிவப்போடு சேர்ந்து வந்தால் அது மருந்துச் சிவப்பு இல்லை. ராத்திரி இரண்டு மணியானாலும் வண்டி பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சிவப்பு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிளாக்கோமா மருந்துகளிலேயே கண்ணை வெளுக்க வைப்பதும் ஒன்று உண்டு. பிரிமோனிடின். அது குழாயைச் சுருக்கும். அமெரிக்காவில் அதையே ரொம்பக் குறைந்த அளவில் கண் சிவப்பு போகிற மருந்தாகக் கடையில் விற்கிறார்கள். ஆனால் கிளாக்கோமாவுக்கு மாதக்கணக்கில் விடுகிறவர்களில் சிலருக்கு ஒவ்வாமை வந்து அரிப்போடு கண் நன்றாகச் சிவந்துவிடும். வாய் உலரும், தூக்கம் தூக்கமாக வரும். இன்னொரு புது மருந்து, நெட்டார்சுடில், 2017-ல் வந்தது. அது விடுகிறவர்களில் பாதிக்குமேல் கண் சிவக்கும், சிலருக்கு வெள்ளைப்பகுதியில் குண்டூசி முனையளவு ரத்தப் பொட்டுகளும் வரும். ஆக, ஒவ்வொரு மருந்துக்கும் ரத்தக்குழாயோடு ஒவ்வொரு விதமான உறவு. தோல் தரம் பிரிக்கிறவர்களுக்கு, பதனிட்ட தோலில் ரத்தக்குழாய் ஓடின தடம் எப்படித் தெரியும் என்று தெரியும். எங்கே குழாய் ஓடியது, எவ்வளவு தடிமன் என்று விரலாலேயே சொல்வார்கள். கண் டாக்டரும் சிவப்பைப் பார்த்தே எந்த மருந்தின் வேலை என்று பாதி ஊகித்துவிடுவார். அதனால் சிவப்பை மறைத்துக்கொண்டு போகாதீர்கள். அப்படியே போய்க் காட்டுங்கள். மருந்தை மாற்ற வழி இருக்கிறது. பதப்படுத்தி சேர்க்காத பாட்டிலும் இருக்கிறது. பாதிச் சிவப்பு அந்தப் பதப்படுத்தியால் வருகிறவர்களும் உண்டு.

கண்ணுக்கு மேலே தெரிகிற குழாய்களைப் பற்றி இவ்வளவு சொன்னேன். தெரியாத குழாய்கள் விஷயம்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

டாக்டர் கேட்கிறார்: “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” நாம் சொல்கிறோம்: “பிரஷர் மாத்திரை மட்டும்தான் சார்.” பொய் இல்லை. சொட்டு மருந்தை யாரும் சாப்பிடுவதில்லையே. சொட்டு விடுவது, இன்ஹேலர் இழுப்பது, களிம்பு தடவுவது. தமிழில் வினைச்சொல் மாறிவிட்டால் மருந்தும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. முப்பத்தைந்து வருஷம் பாடம் சொன்னவள் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வியே தப்பு. “உடம்புக்குள்ள எந்த வழியா எந்த மருந்து போகுது?” என்று கேட்க வேண்டும்.

ஏனென்றால் கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. ஒரு சொட்டில் கொஞ்சம்தான் கண்ணில் தங்கும். மீதி, அழும்போது மூக்கில் தண்ணீர் வருகிறதே, அதே வழியாக மூக்குக்குள் இறங்கும். மூக்கின் உள்தோல் முழுக்க ரத்தக்குழாய். அங்கே உறிஞ்சப்பட்ட மருந்து நேரே ரத்தத்தில் சேரும். மாத்திரையாவது குடல் வழியே போய்க் கல்லீரலில் ஒருமுறை வடிகட்டப்படும். சொட்டுக்கு அந்தச் சோதனைச்சாவடிகூடக் கிடையாது. டோர்சோலமைடு விடுகிறவர்களுக்கு நாக்கில் கசக்கும். கண்ணில் விட்ட மருந்து தொண்டைவரை வந்துவிட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

டிமோலால் என்ற சொட்டைப் பலர் விடுவீர்கள். விலை குறைவு, நல்ல மருந்து. 1978-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இதயத்துக்குக் கொடுக்கிற பீட்டா பிளாக்கர் என்ற மருந்து வகையைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இந்த டிமோலால். தொட்டிக் குழாயைக் கொஞ்சம் மூடி, திரவம் ஊறுவதைக் குறைக்கும். ரத்தத்தில் சேர்ந்தால் குடும்பத் தொழிலையும் செய்யும். நாடித்துடிப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும், மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு டிமோலால் கூடவே கூடாது.

எங்கள் பெரிய நாத்தனார் வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன், நாற்பது வருஷம் தோல் ஷாப்பில் இருந்தவர். கடைசிப் பத்து வருஷம் பஃபிங் தூசியில். இளைப்பு உண்டு, இன்ஹேலர் இழுப்பார். ஒரு கண் முகாமில் டிமோலால் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அங்கே கேட்டதற்குப் பிரஷர் மாத்திரையைச் சொன்னார். இன்ஹேலரைச் சொல்லவில்லை, சாப்பிடுவதில்லையே! மூன்றாம் நாள் ராத்திரி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே போன பிறகும் யாரும் கண் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. அக்கா தற்செயலாகப் பையிலிருந்து எடுத்து, ராத்திரி எட்டு மணிச் சொட்டை விடப் போனபோது ஒரு நர்ஸ் பெண் பார்த்துப் பதறித் தடுத்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். மருந்தை மாற்றினார்கள், மூச்சு சரியாயிற்று. நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் தோல் தூசியிலும் கெமிக்கல் புகையிலும் இருந்து இளைப்பு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இனி, 21-க்குள் இருந்தும் ஏன் சிலருக்கு நரம்பு கெடுகிறது என்றேனே, அதற்கு வருகிறேன். கணக்குப் பாடம் மாதிரிதான். பார்வை நரம்புக்கும் சோறு வேண்டும், அதை ரத்தம் கொண்டுபோக வேண்டும். உள்ளே தள்ளுவது ரத்த அழுத்தம், எதிர்த்து நிற்பது கண் அழுத்தம். உங்கள் ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 80, கண் அழுத்தம் 20 என்றால் தள்ளுவதற்கு மிச்சம் 60. ராத்திரி தூக்கத்தில் ரத்த அழுத்தம் பெரும்பாலோருக்கு இறங்கும். படுத்திருந்தால் கண் அழுத்தம் ஏறும். கீழ் எண் 60, கண் அழுத்தம் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 36. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் நடந்த ஆய்வின் முடிவு 1995-ல் வந்தது. இந்த மிச்சம் 30-க்குக் கீழே இருந்தவர்களிடம் கிளாக்கோமா ஆறு மடங்கு அதிகம். பஞ்சாபில் பிறந்து அயோவா பல்கலைக்கழகத்தில் பார்வை நரம்பின் ரத்த ஓட்டத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகச் செய்த சோகன் சிங் ஹைரே, பீட்டா பிளாக்கர் சொட்டு விடுகிறவர்களுக்கு ராத்திரியில் கீழ் எண் இன்னும் அதிகமாக இறங்குவதை 1999-ல் எழுதினார்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி சாப்பிட்டதும் பிரஷர் மாத்திரை, படுக்கும் முன் டிமோலால் சொட்டு. இரண்டும் சேர்ந்து நடுராத்திரியில் ரத்த அழுத்தத்தை இறக்கும். தூக்கத்தில் திரவம் ஊறுவது தானாகவே குறைந்துவிடுவதால் அந்த நேரத்தில் டிமோலாலுக்குக் கண்ணில் பெரிசாக வேலையும் கிடையாது. அதனால்தான் ஒருவேளை மட்டும் டிமோலால் விடுகிறவர்களுக்குப் பல டாக்டர்கள் காலையில் விடச் சொல்கிறார்கள். ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள். பிரஷர் ஏறினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. கண் டாக்டரிடம் பிரஷர் சீட்டைக் காட்டுங்கள், பிரஷர் டாக்டரிடம் சொட்டு பாட்டிலைக் காட்டுங்கள். இரண்டு பேரும் பார்த்துச் சொல்லட்டும்.

“ரத்த ஓட்டம்தானே பிரச்சினை, அப்போ ரத்த ஓட்டத்தைக் கூட்டுற மருந்து சாப்பிட்டா போதாதா பெரியம்மா?” என்று என் தங்கை மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மூலிகை மாத்திரை. இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறார். டோர்சோலமைடு கண்ணுக்குள் ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது என்று சில ஆய்வுகள் அளந்து சொல்லியிருக்கின்றன. அழுத்தம் அதிகமில்லாத கிளாக்கோமாவில் பிரிமோனிடினையும் டிமோலாலையும் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், 2011-ல், பிரிமோனிடின் விட்டவர்களில் 9 சதவீதத்துக்கும் டிமோலால் விட்டவர்களில் 39 சதவீதத்துக்கும் பார்வை மேலும் குறைந்தது. இரண்டும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைத்தன. ஆனால் பிரிமோனிடின் தரப்பில் ஒவ்வாமையால் நடுவில் விலகியவர்கள் நிறைய, அதனால் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று டாக்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ரத்த ஓட்டத்தை மட்டும் கூட்டிக் கண்ணைக் காப்பாற்றியதாக நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. நிரூபணமானது அழுத்தத்தைக் குறைப்பதுதான். சுவீடனில் நடந்த ஆய்வு ஒன்று, ஒரு மி.மீ. குறைத்தால் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. மூவாயிரம் ரூபாயை விளம்பரக்காரனுக்குக் கொடுக்காதே, லட்டானோபிராஸ்டுக்கும் வருஷா வருஷம் பார்வைப் புலம் பரிசோதனைக்கும் வை என்று அவனுக்கு எழுதினேன். இன்னும் பதில் இல்லை, கோபமோ என்னவோ.

அரசாங்கத்திடமும் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. இன்று எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருகிறாள், பிரஷர் பார்க்கிறாள், மாத்திரை கொடுத்துக் குறித்துக்கொள்கிறாள். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். அவள் கேட்கிற கேள்விகளோடு “கண்ணுக்குச் சொட்டு விடுறீங்களா? என்ன சொட்டு?” என்று ஒன்று சேர்ந்தால் செலவு ஒரு பைசா இல்லை. பிரஷர் மாத்திரையும் டிமோலாலும் ஒரே வீட்டில் இருப்பது அன்றே தெரிந்துவிடும். ஷூ கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சிவந்த கண்ணோடு வருகிற பெண்ணை லைனிலிருந்து எழுப்பும் முன் கம்பெனி டிஸ்பென்சரியில் காட்டுங்கள். மருந்துச் சிவப்பு என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது ஒட்டாது, பரவாது. சம்பளத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. சூப்பர்வைசராக இருக்கிற என் மாணவர்கள் குறைந்தது ஏழு பேர், எனக்குக் கணக்குத் தெரியும்.

சொட்டு விடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன், பலர் தப்பாக விடுகிறார்கள். கையைக் கழுவி, தலையை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்துப் பையாக்கி ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையில் படக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கோரத்துக் கண்முனையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மூக்குக்குப் போகிற வழி அடைபடும், ரத்தத்தில் சேருவது நன்றாகக் குறையும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி. வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இமைத்தோல் கருக்கும். லட்டானோபிராஸ்டைப் பிரிக்கும்வரை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நம் வேலூர் மே மாதத்தில் பிரித்த பிறகும் ஃபிரிட்ஜ் கதவிலேயே வைத்துவிடுவது நல்லது, ஆறு வாரத்துக்குமேல் அதே பாட்டிலை ஓட்டாதீர்கள்.

கடைசியாக, பெங்களூரிலிருந்து என் பெரிய பேத்தி கேட்ட கேள்வி. “பாட்டி, இந்த மருந்து விட்டா இமை முடி நீளமா வளருமாமே, எனக்கும் ஒரு பாட்டில் வாங்கித் தர்றியா?” வளரும் என்பது உண்மைதான். பிமட்டோபிராஸ்டை இமை முடிக்கென்றே 2008-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். என் இமையைக் கிட்டத்தில் பார்த்தால் உங்களுக்கே தெரியும், அறுபத்தெட்டு வயதில் சினிமாக்காரி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதே மருந்து கண்ணைச் சிவக்க வைக்கும், கருவிழி நிறத்தை மாற்றினால் திரும்பாது, இமையைச் சுற்றியிருக்கிற கொழுப்பைக் கரைத்துக் கண்ணைக் குழியாக்கும். வாங்கித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவை அழைத்துக்கொண்டு ஷெல்லுக்கு வா, பாட்டிக்குக் கிளாக்கோமா இருப்பதால் உங்கள் இரண்டு பேர் கண் அழுத்தத்தையும் பார்த்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.